அந்தப் பிள்ள உக்காந்தா உங்களுக்கு எங்க வலிக்குது?

ரெண்டு நாளா வாயத் தொறக்கக் கூடாதுன்னுதான் இருந்தேன். இன்னைக்குக் காலைல மூணாவது தடவையா அதே வீடியோ. நம்ம திருநெல்வேலி வண்ணார்பேட்டை வீடியோதான், வேற என்ன. ஜவுளிக்கடைல வேலை பாக்குற ஒரு பிள்ள சேலைக் கட்டு மேல உக்காந்திருக்கு. "கஸ்டமர் நிக்கோம், மகாராணி உக்காந்திருக்காவ"ன்னு எடுத்தவங்க பின்னணிக் குரல் வேற. கீழ ஒரே சிரிப்பு.

அந்தப் பிள்ள உக்காந்தது தப்பே இல்ல. இத முதல்லயே சொல்லிடுதேன்.

நான் ஆறு தீபாவளி ஜவுளிக்கடைல நின்னவ. வேலை பாத்தவன்னு சொல்லல, நின்னவ. ஐப்பசின்னா உங்களுக்கு டவுன்ல திருக்கல்யாணம், அல்வா, புதுத்துணி. எங்களுக்குக் காலைல ஒன்பதுக்கு உள்ள போயி ராத்திரி பத்தரைக்கு வெளிய வாரது. வார லீவும் கெடையாது. வெளிய மழை பெய்யுதுங்கதே கஸ்டமர் குடை சொட்டுறதப் பாத்துதான் தெரியும்.

சேலைய விரிக்க ரெண்டு செகண்டு போதும். மடிக்கதுதான் பாடு. பழைய தடத்துலயே மடிப்பு விழணும், முந்தி மேல தெரியணும், விலை அட்டை வெளிய எட்டிப் பாக்கணும். ஒருதரம் ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு குடும்பம், எட்டுப் பேரு. 43 சேலை விரிக்க வச்சாவ, எண்ணினேன். கடைசில "இன்னொரு கடையும் பாத்துட்டு வாரோம்மா"ன்னு எந்திரிச்சுட்டாவ. அவிய மேல கோவம் இல்ல. வருசத்துக்கு ஒரு நல்ல சேலை எடுக்கவிய பாத்துதான் எடுப்பாவ. ஆனா அவிய உக்காந்து பாத்தாவ, நான் நின்னு மடிச்சேன்.

எங்கூட நின்ன ஒரு அக்காவுக்குத் தீபாவளிக்கு நாலு நாள் முன்ன கால் வீங்கி மெட்டி சதைக்குள்ள எறங்கிட்டு. சோப்புத் தண்ணி போட்டும் கழறல. ஆல்ட்டரேஷன் பாக்குற அண்ணன் கட்டிங் பிளேயர வச்சு நறுக்கி எடுத்தாரு. அக்கா அழுதுட்டு. கால் வலிக்காக இல்ல, "அவரு நல்லா இருக்கும்போதே மெட்டிய நறுக்கிட்டாவளே"ன்னு. அஞ்சு நிமிசத்துல மறுபடி கவுண்டர்ல நிக்கு.

சட்டம் பேசுறவங்களுக்கும் ஒண்ணு சொல்லுதேன். கடைல வேலை பாக்குறவங்களுக்கு உக்கார இடம் குடுக்கணும்னு 2021லயே தமிழ்நாட்டுல சட்டம் திருத்தியாச்சு. கேரளாவுல 2018லயே. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவுல கடைகள்ல நின்ன பொம்பளைங்க போராடுனதுல வந்தது அது. எங்க கடைக்கும் ஸ்டூல் வந்துச்சு, ரெண்டே ரெண்டு. லேபர் ஆபீஸ்ல இருந்து ஆள் வந்தா அது எங்களுக்கு. மத்த நாள் அது மேல சுடிதார் போட்ட பொம்மை நிக்கும். இன்னொண்ணு, 1947ல போட்ட கடைகள் சட்டத்துல ஒரு நாளைக்கு எட்டு மணி நேரந்தான் வேலை, ஓவர்டைம் சேத்தாலும் பத்து. ஒன்பதுல இருந்து பத்தரைக்கு எத்தனைன்னு நீங்களே விரல மடக்கிக்கோங்க.

"பிடிக்கலன்னா வேலைய விட்டுட்டுப் போக வேண்டியதுதான"ன்னு ஒரு அண்ணாச்சி கேக்காரு. விட்டுட்டேன் அண்ணாச்சி. இப்ப வீட்டுல தையல் மிஷின். உக்காந்து பாக்குற வேலை. சந்தோசமா?

"போலீஸ்காரரு நிக்கலியா, கண்டக்டரு நிக்கலியா?" நிக்காவ, பாவந்தான். அதுக்கு?

"நெசமாவே சோம்பேறிங்களும் இருக்காங்கல்லா." இருக்கு. கூப்பிட்டாலும் திரும்பாம செல்ல நோண்டுற பிள்ளைகள நானே திட்டிருக்கேன். மறுக்கல. ஆனா அந்த வீடியோல செவுத்துக் கடிகாரத்த யாராச்சும் பாத்தியளா? ஒன்பது நாப்பது. காலைலயா இருந்தா அந்நேரத்துக்கு அத்தன சேலை அவுந்து கெடக்காது. அவ்வளவையும் மடிச்சு ரேக்குல ஏத்திட்டுத்தான் அது பஸ் ஏறணும். கடைசி பஸ்ஸு இருந்தா.

படிச்சவிய, கோயில்ல அன்னதானம் போடுறவிய, நல்ல மனசுக்காரவியன்னு நான் நெனச்ச ஆளுகதான் அதுல சிரிச்சிருக்கு. எங்க மதினியும் ஷேர் பண்ணிருக்காவ. அவிய கல்யாணப் பட்டு நான் விரிச்சுக் காட்டினது. காலைல பதினொண்ணுல இருந்து சாயந்தரம் நாலு வரைக்கும். ஸ்டாஃப் தள்ளுபடியும் நாந்தான் கேட்டு வாங்கிக் குடுத்தேன்.