தீபாவளி லீவும் மலை மானும்

ஆபீஸ் தம்பி ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, இந்த வருஷம் நானும் மான் வேட்டைக்கு வரேன். தீபாவளிக்கு எப்படியும் லீவு போடுவேன், அதோட சேர்த்து வச்சுக்கலாமா?"

அவன் கணக்கு முழுத் தப்பும் இல்லை. 2024-இல் தீபாவளி, நாங்கள் வேட்டைக்குப் போகும் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் இரண்டாவது ரைஃபிள் சீசனுக்கு (துப்பாக்கி வேட்டைக்கென்று ஒதுக்கிய நாட்களுக்கு) நடுவில்தான் வந்தது. ஆனால் நம் காலண்டரைப் பார்த்து வேட்டைக்கு நாள் குறிக்காதே என்பதுதான் என் கட்சி. அப்படிக் குறித்து நானே பட்டிருக்கிறேன்.

ஒரு ஆகஸ்ட் மாதம் கொலராடோவின் சான் ஹுவான் மலையில், பன்னிரண்டாயிரம் அடியில், மரங்களே இல்லாத ஒரு புல்வெளிப் பள்ளத்தில் ஐந்து மியூல் டீர் (மலை மான்) கிடாக்களைப் பார்த்தேன். கழுதைக் காதும், வெல்வெட் தோல் போர்த்திய கொம்புமாகப் பட்டப்பகலில் நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தன. இடம் கிடைத்துவிட்டது என்ற தைரியத்தில், அக்டோபர் கடைசியில் இருபது கிலோ மூட்டையோடு அதே பள்ளத்துக்கு ஏறினேன். முதல் நாள் ராத்திரியே பனி கொட்டியது. காலையில் டென்ட்டைத் திறந்தால் வெள்ளைத் தரை, அதில் வரிசையாகக் குளம்படிகள். எல்லாம் கீழ்நோக்கி. மேல்நோக்கி ஒன்றுகூட இல்லை. அதைப் பார்த்த பிறகும் 'ஒண்ணு ரெண்டாவது தங்கியிருக்கும்' என்று இன்னும் மூன்று நாள் பைனாகுலரோடு உட்கார்ந்திருந்தேன், பாருங்கள்! இதற்கிடையில் தண்ணீர் ஃபில்டர் உறைந்து உள்ளே வெடித்துவிட்டது. அதை ஸ்லீப்பிங் பேக்குக்குள் வைத்துக்கொண்டு தூங்க வேண்டும் என்று அதற்கப்புறம்தான் தெரிந்தது.

இந்த மானுக்கென்று ஒரு பஞ்சாங்கம் உண்டு. ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர் முதல் வாரங்களில் வெல்வெட் உரியும். அதுவரை கிடாக்கள் கூட்டாக, உயரத்தில், வெட்டவெளியில் நிற்கும். உரிந்ததும் மரக்கூட்டத்துக்குள் ஒதுங்கும். அக்டோபரில் காடு வெறிச்சோடினதுபோல இருக்கும். கிடாக்கள் அடர்ந்த இடத்தில் படுத்துக்கொண்டு, இருட்டியபின் மேய வரும். பனி ஏற ஏற மந்தை கீழே இறங்கும். பக்கத்து மாநிலமான வயோமிங்கில் இப்படி 150 மைல் நடக்கிற மந்தையே இருக்கிறது. நவம்பர் நடுவிலிருந்து இணை தேடும் காலம். கழுத்து தடித்த கிடா, வெட்கம் மானமில்லாமல் பகலிலேயே பெட்டைகள் பின்னால் அலையும்.

ஆகவே ஆகஸ்டில் பார்த்த இடம் செப்டம்பருக்குத்தான் உதவும். வில் பழகியவர்களுக்கு செப்டம்பர் முதல் இரண்டு வாரம்போல வராது. ஆனால் மதியமானால் இடி மின்னல், மரமில்லாத உயரத்தில் ஒதுங்க இடம் இருக்காது. வெயிலில் இறைச்சியும் கெடும். மானை வீழ்த்திய உடனே தோலுரித்து, எலும்பு நீக்கி, துணிப்பையில் போட்டு நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். முப்பது கிலோவை முதுகில் சுமந்து இறக்க எத்தனை நடை ஆகும் என்று முதலிலேயே கணக்குப் போடாதவன் அந்த உயரத்துக்குப் போகவே கூடாது.

ரைஃபிள்காரனுக்கு என் ஓட்டு, இணை தேடும் காலத்தை ஒட்டி நவம்பரில் வரும் மூன்றாவது சீசனுக்குத்தான். ஆனால் குளிர் ராத்திரியில் மைனஸ் பத்துக்குக் கீழே போகும், பகல் சுருங்கிவிடும், குலுக்கலில் டேக் (வேட்டை அனுமதிச் சீட்டு) கிடைப்பதும் இரண்டாவது சீசனைவிடக் கஷ்டம். கிடைக்காவிட்டால், அதற்கு ஈடாகத் தரும் முன்னுரிமை பாயிண்ட் சேர்த்துக்கொண்டு அடுத்த வருஷம் பார்க்கலாம். இரண்டாவதுதான் கிடைத்ததென்றால், மேலே ஏறாமல் நடு உயரத்தில் கூடாரம் போட்டு, பனிக்குப் பிறகு மான் இறங்கும் தடத்தில் காத்திருக்க வேண்டும்.

பௌர்ணமியன்று போகாதே என்பார்கள். ராத்திரி நிலவில் மேய்ந்துவிட்டுப் பகலில் படுத்துவிடுமாம். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. அமாவாசையில் ஒன்றுமே பார்க்காமல் திரும்பியவன் நான்.

எந்த நாள் என்பதைவிட எத்தனை நாள் என்பதுதான் முக்கியம். வார இறுதியோடு ஒரு நாள் ஒட்டினால் போதாது. ஏற்கெனவே உயரத்தில் இருக்கும் டென்வர் நகரத்து ஆளுக்கே அந்த உயரத்தில் முதல் நாள் தலை வலிக்கும். சீசன் திறப்பதற்கு இரண்டு நாள் முன்னாடியே மேலே போய்விட வேண்டும்.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ தீபாவளிக்கு வீட்லயே இருக்கலாம், நல்லதுதான் அண்ணா" என்றான். குலுக்கல் விண்ணப்பம் ஏப்ரல் முதல் வாரத்தோடு முடிந்துவிடும், வேட்டைப் பயிற்சிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பிக்கவே முடியாது என்றேன். அதை அவன் இன்னும் எடுக்கவில்லை.