மானியம் முடிந்தால் காவலரும் போய்விட வேண்டுமா?

எங்கள் தெருவில் தினமும் நடந்து ரோந்து வந்த காவலர் போன மாதத்திலிருந்து வருவதில்லை. அவர் மேல் எந்தப் புகாரும் இல்லை. அந்தப் பணியிடத்துக்குச் சம்பளம் தந்த மூன்றாண்டு மானியம் முடிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆரம்பத்தில் அவரைக் கண்டாலே ஜன்னலைச் சாத்தியவர்கள்தான் நாங்கள். ஒருநாள் காலை பத்து மணியாகியும் கடைசி வீட்டுப் பாட்டியின் வாசல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. நாங்கள் எல்லோரும் அதைத் தாண்டித்தான் வேலைக்குப் போனோம். அவர்தான் நின்று கதவைத் தட்டினார். உள்ளே பாட்டி வழுக்கி விழுந்து எழ முடியாமல் கிடந்தார். அப்புறம்தான் தெருப் பையன்கள் அவரிடம் நின்று பேசினார்கள். போதை மாத்திரை எங்கே கைமாறுகிறது என்று ஒரு தாய் தானாகப் போய்ச் சொன்னதும் அப்புறம்தான். இதற்கே இரண்டு வருடம் ஆயிற்று.

இது எங்கள் தெருவோடு நிற்கும் கதை இல்லை. அமெரிக்காவில் 1994இல் வந்த குற்றத் தடுப்புச் சட்டம் ஒரு லட்சம் காவலர்களைத் தெருவுக்குக் கொண்டுவரும் என்றார்கள். புதிய காவலரின் சம்பளத்தில் 75 சதவீதம் வரை மூன்று ஆண்டுகளுக்கு மானியம். மீதி உள்ளூர் நிர்வாகத்தின் பொறுப்பு. நான்காம் ஆண்டு முழுச் சுமையும் உள்ளூர் தலையில். பிரிட்டனில் 2002 சட்டத்தில் வந்த சமூக ஆதரவு அலுவலர்களின் (காவலரைவிடக் குறைந்த அதிகாரத்தோடு தெருவில் ரோந்து போகும் காவல்துறை ஊழியர்கள்) எண்ணிக்கை, 2010க்குப் பிறகு சிக்கனம் என்ற பெயரில் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. பிரிட்டனின் ஒரு பகுதியான வேல்ஸில் மட்டும் கதை வேறு. காவல்துறை அதிகாரம் லண்டனில் உள்ள மத்திய அரசிடம் இருந்தும், 2011 தேர்தலுக்குப் பின் அமைந்த வேல்ஸ் அரசு இப்படிப்பட்ட அலுவலர்கள் கூடுதலாக 500 பேருக்குத் தன் பணத்தில் சம்பளம் கொடுத்தது. மனம் இருந்தால் வழி உண்டு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

உள்ளூர் வரியிலேயே கொடுக்கட்டுமே என்பார்கள். சரி, வரி வசூல் குறைந்த பகுதிகளில்தானே தேவை அதிகம்? மாநில அரசு இதை ஆண்டுதோறும் வரும் நிரந்தரச் செலவாக வைக்க வேண்டும். கூடவே ஒரு நிபந்தனை: இந்தப் பணத்தில் வரும் காவலரைப் பந்தோபஸ்துக்கும் அலுவலக வேலைக்கும் இழுக்கக் கூடாது, குறைந்தது ஐந்து ஆண்டுகள் அதே பகுதியில் இருக்க வேண்டும். வாகனத்துக்கும் கேமராவுக்கும் பணம் தேடுபவர்கள் முதலில் இந்தச் சம்பளத்துக்குத் தேடட்டும்.

பாட்டி நேற்றும் கேட்டார், "அந்தத் தம்பி லீவா?" என்று. அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் அதே கேள்வியை எழுதிக் கொடுக்கப் போகிறேன். தெருவில் கையெழுத்து வாங்க ஆரம்பித்துவிட்டேன்.