லிஃப்ட் வீடியோ: முகம்தான் போலி, உடல் நிஜம்

“நடிகை ராஷ்மிகா மந்தனாவின் லிஃப்ட் வீடியோ வெறும் கம்ப்யூட்டர் வேலை. நிஜத்தில் யாருக்கும் பாதிப்பில்லை, அது குற்றமும் இல்லை” என்று இன்னமும் சிலர் சொல்கிறார்கள். இரண்டுமே தவறு.

2023 நவம்பரில் பரவிய அந்த வீடியோவில் முகம் மட்டும்தான் ஒட்டப்பட்டது. உடல் வேறொரு பெண்ணுடையது. அவர் அக்டோபரில் தன் இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோ அது. தொடக்கத்தை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்: லிஃப்ட்டுக்குள் வரும்போது அவருடைய சொந்த முகம், அடுத்த நொடியே ராஷ்மிகா. ஒருவருடைய முகத்தையும் இன்னொருவருடைய உடலையும் கேட்காமலே எடுத்திருக்கிறார்கள். பாதிக்கப்பட்டது இரண்டு பெண்கள். அந்த இரண்டாமவரை எத்தனை பேர் நினைத்துப் பார்த்தோம்? தானும் மிகவும் மனம் கலங்கிப்போனதாக அவரும் வெளிப்படையாகச் சொன்னார்.

சரி, குற்றமில்லையா? டெல்லி போலீஸ் இந்தியத் தண்டனைச் சட்டம் 465, 469 (போலியாகத் தயாரித்தல்) பிரிவுகளிலும், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66சி, 66இ (அடையாளத் திருட்டு, அந்தரங்க மீறல்) பிரிவுகளிலும் வழக்குப் போட்டது. 2024 ஜனவரியில் ஆந்திராவில் ஒருவரைக் கைது செய்தது. ரசிகர் பக்கத்துக்கு ஃபாலோயர்களைக் கூட்டவே செய்ததாகப் போலீஸ் சொன்னது. ஃபாலோயர் கணக்குக்காக ஒரு பெண்ணின் உடல்! ஆபாசமாக மாற்றிய படங்களைப் பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67, 67ஏ பிரிவுகளின் கீழும் வரும். ஃபார்வேர்டு செய்பவருக்கும் அது பொருந்தும். இப்படிப்பட்ட படங்கள் பற்றி தேசிய சைபர் குற்ற இணையதளத்தில் பெயர் தராமலும் புகார் செய்யலாம்.