ஒரு பவுண்ட் போஸ்டல் ஆர்டர்

போன வருடம் ஒரு சனிக்கிழமை, தெரிந்த அண்ணன் ஒருவரோடு தபால் நிலைய வரிசையில் நின்றிருந்தேன். ஒரு பவுண்டுக்கு போஸ்டல் ஆர்டர் வேண்டும் என்றதும், கவுண்டரில் இருந்த பெண் "ஒன்றா, நூறா?" என்று மறுபடி கேட்டார். ஒன்றுதான். இந்தப் பதிவே அந்த ஒரு பவுண்டைப் பற்றியதுதான். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் 2004-ல், பிரிட்டனுக்கு வந்த புதிதில் ஒரு கிரெடிட் கார்டு எடுத்தார். கடை வாசலில் மேசை போட்டு, போகிறவர் வருகிறவர் கையில் எல்லாம் பேனாவைத் திணித்துக்கொண்டிருந்த காலம். 2009-ல் வேலை போனது, கார்டுக்குக் கட்ட முடியவில்லை. மாதம் ஐந்து பவுண்ட் என்று பேசி முடித்து, அன்றிலிருந்து கட்டிக்கொண்டே இருக்கிறார். நடுவில் வங்கி அந்தக் கடனை விற்றுவிட்டது. வாங்கிய கம்பெனி இன்னொரு கம்பெனிக்கு விற்றது. அந்த மூன்றாவது கம்பெனியிடமிருந்துதான் கடிதம்: பாக்கி 3,160 பவுண்ட், உடனே தொடர்புகொள்ளவும், தவறினால் சட்ட நடவடிக்கை பரிசீலிக்கப்படலாம்.

"இவங்க யாருன்னே தெரியாது தம்பி. நான் கையெழுத்துப் போட்டது இவங்ககிட்ட இல்லையே?" என்றார்.

கேள்வி அப்பாவித்தனமாகத் தெரியலாம். ஆனால் சட்டமே கிட்டத்தட்ட அதைத்தான் கேட்கிறது. கடனை விற்பதும் வாங்குவதும் குற்றமில்லை. ஆனால் வாங்கியவருக்கு வசூலிக்கும் உரிமை மட்டும் வருவதில்லை, கடன் கொடுத்த பழைய வங்கியின் கடமைகளும் சேர்ந்தே வருகின்றன. அதில் ஒன்று 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தில் இருக்கிறது. தனிக்கடனுக்கு 77-ஆம் பிரிவு, கிரெடிட் கார்டுக்கு 78, பொருட்களை வாடகைக்கு எடுக்கும் ஒப்பந்தத்துக்கு 79. ஒரு பவுண்ட் கட்டணம் வைத்து எழுத்தில் கேட்டால், ஒப்பந்தத்தின் பிரதியையும் கணக்கு விவரத்தையும் 12 வேலை நாட்களுக்குள் தர வேண்டும். தராவிட்டால், தரும்வரை அந்தக் கடனுக்கு நீதிமன்றத்தில் தீர்ப்பு வாங்க முடியாது. (வீட்டு அடமானம், மின்கட்டண பாக்கி போன்றவற்றுக்கு இது பொருந்தாது.)

"தரும்வரை" என்ற சொல்லை இரண்டு தரம் படியுங்கள். ஊரில் உலாவும் பாதிக் கதைகள் அந்தச் சொல்லைத் தாண்டிக் குதித்தவைதான். காகிதம் தொலைந்தால் கடனும் தொலைந்தது என்பார்கள். இல்லை. கடன் அப்படியே இருக்கும், வழக்குப் போட்டு வசூலிக்கும் வழிதான் அடைபட்டிருக்கும். நாளைக்கே கம்பெனி ஒழுங்கான பிரதியைக் கண்டுபிடித்து அனுப்பினால் வழி திறந்துவிடும். இடையில் நீங்களாக விரும்பிக் கட்டிய பணமும் திரும்பி வராது.

2008, 2009 வாக்கில் இந்தக் குழப்பத்தையே தொழிலாக்கினார்கள். "உங்கள் கார்டு கடனை அழித்துத் தருகிறோம்" என்று விளம்பரம் போட்டு, முன்பணம் வாங்கிக்கொண்டு, ஆயிரக்கணக்கானவர்கள் பெயரில் கடிதம் அனுப்பினார்கள். எல்லாம் மான்செஸ்டரில் கேரி என்பவரின் வழக்கில் வந்து முட்டியது. எச்.எஸ்.பி.சி. வங்கிக்கு எதிரான அந்த வழக்கில் 2009 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. அசலின் போட்டோகாப்பிதான் தர வேண்டும் என்பதில்லை, கையெழுத்தும் தேவையில்லை. தன்னிடம் உள்ள மற்ற பதிவுகளிலிருந்து வங்கி ஒப்பந்தத்தைத் திரும்பத் தொகுத்துக் கொடுக்கலாம் என்றார் நீதிபதி. எனக்கு இதில் ஒரு மனக்குறை உண்டு. பத்திரத்தைத் தொலைத்தவரையே "நினைவிலிருந்து ஒன்று எழுதித் தா" என்று உட்காரவைப்பது போல இருக்கிறது. ஆனாலும் அதே தீர்ப்பு சில கட்டுகளையும் போட்டது. ஒப்பந்தம் போட்ட நாளில் இருந்த நிபந்தனைகள் வேண்டும், அன்றைய பெயரும் முகவரியும் வேண்டும். நிபந்தனைகள் பிறகு மாறியிருந்தால் மாறியதும் வேண்டும், பழையதும் வேண்டும்.

அண்ணனுக்கு அந்தக் கட்டுகள்தான் கைகொடுத்தன. போஸ்டல் ஆர்டர் வைத்து நாங்கள் ஒப்பந்தப் பிரதி கேட்டதற்கு, முதலில் "மூல வங்கியிடம் கேட்டிருக்கிறோம், கணக்கை நிறுத்திவைத்திருக்கிறோம்" என்று ஒரு கடிதம். மூன்று மாதம் கழித்து ஒரு தடித்த உறை. சமையலறை மேசையில் பரப்பி வைத்துப் படித்தோம். முதல் பக்கத்தில் 2004 என்று தேதி, கீழே அவருடைய முகவரி. அவர் அந்த வீட்டுக்குக் குடிவந்தது 2011-ல். அப்புறம் கட்டணப் பட்டியலைப் பார்த்தேன். தாமதக் கட்டணம் 12 பவுண்ட் என்று இருந்தது. 12 பவுண்டுக்கு மேல் போனால் நியாயமற்றது என்று கருதுவோம் என நியாய வர்த்தக அலுவலகம் அறிவித்ததே 2006 ஏப்ரலில்தான். அதற்கு முன்பு கார்டு கம்பெனிகள் 20, 25 என்று தீட்டிக்கொண்டிருந்தன. ஆக, யாரோ பிந்தைய வருடத்து நிபந்தனைத் தாளை எடுத்து மேலே 2004 என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். இரண்டையும் சுட்டிக்காட்டி ஒரு பக்கக் கடிதம் எழுதினோம். கோபமாக ஒரு வரிகூட இல்லை.

அண்ணனுடையது 2007 ஏப்ரல் 6-க்கு முந்தைய ஒப்பந்தம் என்பதில் இன்னொரு பலம் இருந்தது. அந்தக் காலச் சட்டம் ஈவிரக்கமற்றது. கடன் அளவு, வட்டி போன்ற அடிப்படை விவரங்கள் கொண்ட கையெழுத்திட்ட ஆவணம் இல்லையென்றால், நீதிபதி நினைத்தாலும் கடன் கொடுத்தவருக்கு உதவ முடியாது. ஒரு பெண் தன் பி.எம்.டபிள்யூ காரை அடகு வைத்து 5,000 பவுண்ட் வாங்கினார். 250 பவுண்ட் ஆவணக் கட்டணத்தையும் கடனோடு சேர்த்து 5,250 என்று எழுதிவிட்டார்கள். அந்த ஒரு தவறுக்காக அடகுக்காரர் கடனையும் வசூலிக்க முடியவில்லை, காரையும் வைத்துக்கொள்ள முடியவில்லை. 2003-ல், அப்போது நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபை வரை போயும் அதுதான் முடிவு. 2007-க்குப் பிந்தைய ஒப்பந்தங்களில் நீதிபதி நியாயம் பார்த்து அனுமதிக்கலாம். பழைய ஒப்பந்தத்திலும் அசல் தொலைந்ததாலேயே கம்பெனி தோற்றுவிடாது. அப்படி ஒரு கையெழுத்திட்ட தாள் இருந்தது என்று வேறு சான்றுகளால் நம்பவைக்கலாம்.

இதில் பலர் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கம்பெனி பதில் தரவில்லை, எனவே ஜெயித்துவிட்டோம் என்று நினைத்து, பின்னால் வரும் கவுண்டி கோர்ட் உறையைப் பிரிக்காமல் டிராயரில் போட்டுவிடுகிறார்கள். 14 நாட்களுக்குள் பதில் போகாவிட்டால் எதிர்ப்பில்லாத் தீர்ப்பு வந்துவிடும். அங்கே யாரும் ஒப்பந்தத்தைக் கேட்கமாட்டார்கள். ஆறு வருடம் கிரெடிட் ரிப்போர்ட்டில் உட்கார்ந்திருக்கும். வழக்குக்கு முந்தைய நோட்டீஸ் வந்தாலே அதோடு வரும் படிவத்தை 30 நாளுக்குள் நிரப்பி, ஆவணங்களைக் கேட்டு அனுப்பிவிடுங்கள். எழுதும்போது "இந்தக் கடனை நான் ஒப்புக்கொள்ளவில்லை" என்ற வரி இருக்கட்டும். காலாவதிக் கணக்கு, அதாவது கடனுக்கு வழக்குப் போட இருக்கும் காலக்கெடு (இங்கிலாந்தில் ஆறு வருடம், ஸ்காட்லாந்தில் ஐந்து) ஓடிக்கொண்டிருந்தால், எழுத்தில் ஒப்புக்கொள்வதே அதை மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கிவைக்கும். சந்தேகம் இருந்தால் ஸ்டெப்சேஞ்ச், நேஷனல் டெட்லைன், சிட்டிசன்ஸ் அட்வைஸ் மூன்றும் காசு வாங்காமல் உதவுவார்கள். முன்பணம் கேட்பவரிடம் போகாதீர்கள்.

சரி, இது ஏமாற்று வேலை இல்லையா என்று கேட்கிறவர்கள் உண்டு. என் பார்வையில் இல்லை. கடனைச் சில்லறை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு, காகிதம் இல்லாமல் வாங்குகிறோம் என்பது தெரியும். அந்த ஆபத்தும் சேர்ந்துதான் அந்த மலிவு விலை. லாபம் அவர்களுக்கு, நிரூபிக்கும் தலைவலி மட்டும் கடனாளிக்கு என்றால் அது என்ன வியாபாரம்? இந்தச் சட்டத்தை மாற்றி எழுதப்போவதாக 2022-ல் அரசு அறிவித்தது. மொழியை எளிமையாக்கட்டும், யார் வேண்டாம் என்றது? 77 முதல் 79 வரை உள்ள பல்லைப் பிடுங்காமல் விட்டால் போதும்.

அண்ணனுக்குக் கடைசியாக வந்த கடிதத்தில் இரண்டு வரிதான் முக்கியம். கடன் நிலுவையில் இருக்கிறது, ஆனால் தற்போது நீதிமன்றம் மூலம் வசூலிக்க இயலாது. நிதி நடத்தை ஆணையத்தின் வழிகாட்டலில், பணம் கேட்கும்போது இதை மறைக்கக் கூடாது என்று இருப்பதால் எழுதியிருக்கிறார்கள். அடுத்த பத்தியிலேயே, விரும்பினால் தொடர்ந்து கட்டலாம் என்று பணிவாக ஓர் அழைப்பு. உறைக்குள் எங்கள் போஸ்டல் ஆர்டரும் திரும்பி வந்திருந்தது, மாற்றப்படாமலே.

போனில் வங்கி ஆப்பைத் திறந்து, மாதம் ஐந்து பவுண்ட் ஸ்டாண்டிங் ஆர்டரை நிறுத்தும் பட்டன் எங்கே என்று காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். "நான் செலவழிச்ச காசுதானே தம்பி, யோசிச்சுச் சொல்றேன்" என்று போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.