பாதிப்பும் முடியாத ஓவியமும்

ஓர் ஓவியர் தன் கலையைப் பற்றி எழுதியதை வாசித்தேன். தன்னைப் பாதித்த ஓவியர்களை மறைக்காமல் ஒப்புக்கொண்டு, சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கும் முடியாத ஓவியத்தைப் பற்றியும் இந்த ஓவியர் மனம்திறந்து எழுதியிருப்பது நெகிழ வைத்தது. பாதிப்பு என்றாலே நகல் என்று நினைப்பவர்கள், டச்சு ஓவியர் வான்கா 1889–90இல் பிரான்சின் சான்-ரெமி மனநல விடுதியில் இருந்தபோது, தனக்கு முந்தைய பிரெஞ்சு ஓவியரான மில்லேயின் படங்களைக் கறுப்பு வெள்ளை அச்சுப் பிரதிகளைப் பார்த்து வரைந்ததை எண்ணிப் பார்க்க வேண்டும். உருவங்கள் மில்லேயுடையவை, வண்ணங்களையோ வான்காவே கண்டடைய வேண்டியிருந்தது.

நானும் எண்ணெய் வண்ணத்தில் வரைபவள். ஒரு முதியவளின் கைகளை நான்கு மாதங்களாக வரைந்துகொண்டிருக்கிறேன்; கட்டைவிரலுக்கு அடியில் விழும் நிழல் பச்சையா பழுப்பா என்பது பிடிபடாமல் மூன்று முறை சுரண்டி எடுத்துவிட்டேன். ஆனால், ஓவியத் துணியின் இழைகளுக்குள் தங்கிவிட்ட பழைய வண்ணம், அடுத்துப் பூசும் வண்ணத்துக்கு நான் திட்டமிடாத ஓர் ஆழத்தைத் தருகிறது. முடியாத ஓவியத்தைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைக்கும் அந்த ஓவியரின் பழக்கத்தை இன்றிரவே நானும் தொடங்குகிறேன்.