பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டலாமா?

"கொழுந்து பறிக்கையில் பாம்பு கடித்தால் கடிவாய்க்கு மேலே கயிற்றால் இறுக்கிக் கட்டுங்கள், இரத்தம் நின்றால் விஷம் ஏறாது." இலங்கை மலையகத் தோட்டங்களில் வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. இது தவறு. கட்டவே கூடாது.

சின்ன வயதில் விரலில் நூல் சுற்றி விளையாடியிருப்பீர்கள். விரல் கருநீலமாகும், அப்புறம் மரத்துப்போகும். இரத்தம் போகாத இடத்துக்கு ஒட்சிசனும் போகாது. கலங்களில் அமிலம் சேர்ந்து, அவை வீங்கிச் சாகத் தொடங்கும். மூளை நாலைந்து நிமிடம்தான் தாங்கும். கை, கால் தசைக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. ஆனால் 2 மணி நேரம் தாண்டினால் சேதம் ஆரம்பம். 6 மணி நேரத்தில் பெரும்பாலும் மீளாது. மேட்டு லயத்திலிருந்து லொறி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போகும் நேரத்தை நீங்களே கணக்குப் பாருங்கள்.

தேயிலை மலைகளில் கடிப்பது பெரும்பாலும் விரியன் வகை. அதன் விஷமே கடித்த இடத்துத் தசையை அரிக்கும். கட்டினால் அது அங்கேயே தேங்கி இன்னும் அரிக்கும். அவிழ்க்கும்போது தேங்கிய விஷமும், செத்த தசையிலிருந்து கசிந்த பொட்டாசியமும் ஒரேயடியாக இதயத்துக்குப் பாயும். அதனால் யாராவது ஏற்கெனவே கட்டியிருந்தால் வழியில் அவிழ்க்காதீர்கள், மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

சரி, என்ன செய்யலாம்? வீக்கம் வருமுன் மோதிரம், வளையல், கொலுசைக் கழற்றுங்கள். நடக்க விடாதீர்கள், படங்கில் கிடத்தியாவது தூக்குங்கள். 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.