கயிறு கைகொடுக்கிறது, குதிப்பு கைவிடுகிறது

திருப்பூரில் பிளஸ் ஒன் படிக்கும் என் அக்கா மகனும் நானும் சில வாரங்களாகச் சேர்ந்து விளையாடிவரும் ஒரு பிளாட்ஃபார்மர் (மேடைக்கு மேடை தாவித் தடைகளைக் கடக்கும் வகை) கேமைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. சிறிய குழு ஒன்று உருவாக்கிய கேம் அது. திருத்தங்களை அவர்கள் இன்னும் வெளியிட்டுவருவதால் பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். அண்மையில் நான் ஆடியவற்றில் இவ்வளவு உற்சாகம் தந்த கேம் வேறில்லை. ஆனால் மெருகேற்றும் வேலையை முடிக்காமலேயே விற்பனைக்கு விட்டுவிட்டதால், அந்த உற்சாகத்தில் பாதி ஆடுபவரின் கைக்கு வந்து சேராமலேயே போய்விடுகிறது.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நாயகியின் கையில் ஒரு கயிறு இருக்கிறது. அதை மேலே வீசி ஊஞ்சலாடலாம். ஆடிக்கொண்டிருக்கும்போதே கயிற்றை இழுத்துச் சுருக்கினால் வேகம் கூடும். சரியான கணத்தில் பிடியை விட்டால் திரையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பறந்துவிடலாம். இந்த ஒரே கருவியைக் கொண்டு அத்தனை லெவல்களையும் கட்டியிருக்கிறார்கள் என்பதும், எந்த இடத்திலும் அது அலுக்கவில்லை என்பதும் பெரிய சாதனை. கேமின் மூன்றாம் உலகத்தில், அதாவது மூன்றாவது லெவல் தொகுதியில், அடியிலிருந்து வெள்ளம் ஏறிக்கொண்டே வர, கயிற்றை வீசி வீசி மேலே தப்பிச் செல்லும் கட்டத்தில் நாங்கள் இருவரும் மூச்சுவிட மறந்துதான் ஆடினோம்.

கயிற்றை விட்டுக் கால் தரையில் பட்டதும் சிக்கல் தொடங்குகிறது. விளிம்பில் நின்று குதிக்கும் பொத்தானை அழுத்தினால் சில நேரம் குதிக்கிறாள், சில நேரம் அப்படியே பள்ளத்தில் விழுகிறாள். "நான் அமுக்குனனுங்க மாமா, அதுதான் குதிக்க மாட்டீங்குது" என்று பையன் முறையிட்டதில் முழு நியாயம் இருக்கிறது. நொடிக்கு 60 ஃபிரேம், அதாவது 60 தனிப் படங்கள், ஓடும் கேமில் ஒரு ஃபிரேம் என்பது ஏறக்குறைய 17 மில்லிநொடி. மனித விரல் அந்த அளவுக்குத் துல்லியமாக இயங்காது. அதனால்தான் 2018இல் வந்த செலஸ்ட் கேமில், விளிம்பைக் கடந்த பிறகும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குக் குதிக்க அனுமதிக்கிறார்கள். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே பொத்தானை அழுத்திவிட்டாலும் அதை நினைவில் வைத்திருந்து, கால் பட்டவுடன் குதிக்க வைக்கிறார்கள். தலை ஒரு மூலையில் லேசாக உரசினால் பாத்திரத்தைச் சற்று விலக்கி மேலே விடுகிறார்கள். ஆடுபவருக்கு இவை எதுவும் கண்ணில் படாது. தன் கை தான் நினைத்ததைச் செய்தது என்ற நம்பிக்கை மட்டும் வளரும். அந்த நம்பிக்கை இல்லாத இடத்தில், கடினமான லெவல் சவாலாக இல்லாமல் தண்டனையாகிவிடுகிறது.

பெரிய நிறுவனங்களுக்கும் இது எளிதல்ல. 2017இல் கிராஷ் பாண்டிகூட்டின் பழைய மூன்று கேம்களையும் புதிதாகச் செய்து வெளியிட்டபோது, பாத்திரத்தின் மோதல் எல்லை (அது எதன்மீது படுகிறது என்று கேம் கணக்கிடும் கண்ணுக்குத் தெரியாத வடிவம்) அடிப்பகுதியில் உருண்டையாக இருந்ததால் விளிம்பில் கால்பட்டும் வழுக்கி விழுவதை ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் பழைய கேமை விரல் நுனியில் வைத்திருந்தவர்கள் அந்த வித்தியாசத்தை உடனே உணர்ந்துவிட்டார்கள்.

கன்ட்ரோலரில் ஆடும்போதும் திரையில் கீபோர்டு எழுத்துகளைக் காட்டுவது, சில எதிரிகளை அடித்தால் ஓசையே எழாதது போன்றவற்றை நான் பொறுத்துக்கொள்வேன். இறந்த பிறகு காத்திருக்க வைப்பதைத்தான் பொறுக்க முடியவில்லை. 2010இல் வந்த சூப்பர் மீட் பாய் மிகக் கடினமான கேம். ஆனால் இறந்த மறுகணமே மீண்டும் ஓடத் தொடங்கிவிடலாம், அதனால் கோபம் வருவதற்குள் அடுத்த முயற்சி தொடங்கிவிடும். இங்கே இறந்தவுடன் கறுப்புத் திரை, பிறகு லோடிங், பிறகு லெவலின் பெயர்ப்பலகை, அதன்பின் வெகு தொலைவில் உள்ள செக்பாயிண்ட், அதாவது மீண்டும் தொடங்க வேண்டிய இடம். வெள்ளக் கட்டத்தின் பரபரப்பை அந்தக் காத்திருப்பு ஒவ்வொரு முறையும் அணைத்துவிடுகிறது.

சிறிய குழு, குறைந்த பணம், இதற்குமேல் எதிர்பார்க்கலாமா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். செலஸ்ட்டும் சூப்பர் மீட் பாயும் சிறிய குழுக்கள் செய்தவைதான். மறுபுறம், 2006 நவம்பரில் விடுமுறைக் கால விற்பனைக்கு அவசரமாக வந்த சோனிக், செகா என்ற பெரிய நிறுவனத்தின் கேம். அதன் பிழைகளும் நீண்ட லோடிங்கும் இன்றுவரை பேசப்படுகின்றன. ஆகவே ஆள் எண்ணிக்கையைவிட, கடைசி வேலைக்கு நேரம் ஒதுக்கப்பட்டதா என்பதே முக்கியம் என நினைக்கிறேன். எங்கள் ஊர் பனியன் கம்பெனிகளில் துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், பிசிறு வெட்டி, செக்கிங் முடிக்காமல் எந்த பீஸும் பேக்கிங்குக்குப் போகாது. அந்த நாட்களையும் சேர்த்துத்தான் ஷிப்மென்ட் தேதியைக் கணக்கிடுவார்கள். 1996இன் சூப்பர் மாரியோ 64 உருவானபோது, லெவல்களைக் கட்டும் முன்பே, ஒரு சிறிய இடத்தில் மாரியோ முயலைத் துரத்துவதை மட்டும் வைத்து அவனது ஓட்டத்தையும் தாவலையும் சரிசெய்தார்கள். கோவையில் கல்லூரி முடித்துவிட்டு கேம் செய்ய முனையும் தம்பி தங்கைகள் இந்த வரிசையைக் கவனிக்க வேண்டும் என்பது என் விருப்பம்.

இந்தக் குழுவினர் அடுத்த பேட்சில் (திருத்த வெளியீட்டில்) புதிய உலகம் எதையும் சேர்க்க வேண்டாம். முதலில் விளிம்பில் குதிப்பதைச் சரிசெய்யட்டும், அடுத்து மறுதொடக்கத்தை விரைவாக்கட்டும், வெள்ளக் கட்டத்தின் நடுவே ஒரு செக்பாயிண்ட் வைக்கட்டும். அதுவரை முழு விலை கொடுத்து வாங்குமாறு யாரிடமும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. சலுகை விலையில் கிடைத்தால், அந்தக் கயிற்றுக்காகவே தயங்காமல் வாங்குங்கள்.